பதினேழு சென்டிமீட்டர்ச் சதுரம்: சிறிய கணினிப் பெட்டியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பத்மதீர்த்தக் குளத்தை நோக்கி நிற்கும் கருவேலப்புர மாளிகையின் முகப்பில் ஒரு கடிகாரம் இருக்கிறது. சுவாதித் திருநாள் காலத்தில், வானாய்வு நிலையத்தின் முதல் இயக்குநராயிருந்த ஜான் கால்டிகாட்டின் மேற்பார்வையில், வஞ்சியூரைச் சேர்ந்த குளத்தூக்காரன் என்ற கைவினைஞர் அதைச் செய்தார் என்பது நகரின் நினைவு. மணி அடிக்கும்போது தாடிக்காரர் ஒருவரின் வாய் திறக்கும். இரண்டு ஆட்டுக்கடாக்கள் இருபுறமும் வந்து அவர் கன்னத்தில் முட்டும். ஊரார் அதை மேத்தன் மணி என்பர். குளக்கரையில் நிற்பவருக்கு முகமும் கடாக்களும் மட்டுமே தெரியும். சக்கரங்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. அவை அந்த ஒரு கடிகாரத்துக்கென்றே செய்யப்பட்டவை. ஒரு பல் உடைந்தால் கடைக்குப் போய் வேறு பல் வாங்கிவர இயலாது, புதிதாக வெட்டியாக வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் பொறியைப் பிறர் திறந்து மாற்ற முடியுமா என்ற கேள்வி கணினியின் வரலாற்றிலும் தொடக்கம் முதல் இருக்கிறது. சிறிய கணினிப் பெட்டியின் கதையில் அது கூர்மையாகத் தெரிகிறது. பெட்டி பெரிதாக இருந்தவரை அக்கேள்வியைத் தள்ளிப்போடலாம். இடம் குறையும்போது, எந்த அளவை யார் வகுத்தார், அதை யாரெல்லாம் பயன்படுத்தலாம் என்பதைத் தீர்க்காமல் ஒரு திருகாணியைக்கூட முறுக்க முடியாது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் மேசைக்கணினியின் பெட்டி முழுவதையும் மக்கள் 'சிபியு' என்றே அழைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஒரு சில்லின் பெயர் பெட்டிக்கு ஆகிவந்திருக்கிறது. வியாபாரிகள் மட்டும் வெறும் பெட்டியைக் 'கேபினெட்' என்று பிரித்துச் சொல்வார்கள். சிறிய கேபினெட்டில் ஆர்வமுடையோர் அதை லிட்டரில் அளப்பது இன்னொரு வேடிக்கை. கிழக்கேகோட்டையை ஒட்டி, திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெருவில் எண்ணெய்க்கு உரிய அளவு அது. தமிழ்ச் சிறுகதையாசிரியர் ஆ. மாதவன் அத்தெருவில்தான் கடை வைத்திருந்தார். கையகல இடத்துக்குள் சரக்கை அடுக்கி வாழும் அவ்வுலகைக் 'கடைத்தெருக் கதைகள்' வழியாக எழுத்தில் நிறுத்தினார். இருபது லிட்டருக்குள் அடங்கும் கணினியைச் சிறியது என்றும், பத்துக்குள் அடங்குவதை மிகச் சிறியது என்றும் கொள்வது இன்றைய பொது வழக்கு.

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டரின் பெட்டி ஏறத்தாழ 28 லிட்டர். ஐந்து விரிவாக்கத் துளைகளுக்கும் நெகிழ்வட்டு இயக்கிகளுக்கும் அதில் இடம் விட்டிருந்தனர். பெட்டியின் பருமனைவிட, சுற்றுவரைபடம் அடங்கிய தொழில்நுட்பக் கையேட்டை ஐபிஎம் விற்பனைக்கு வைத்ததே வரலாற்றைத் திருப்பியது. திருகாணித் துளைகளின் இடைவெளி முதல் துளைப்பட்டைகளின் அமைவு வரை மற்றவர்கள் பின்பற்றினார்கள். ஒரு நிறுவனத்தின் வடிவமைப்பு, எவரும் கட்டளையிடாமலேயே பொது அளவாயிற்று. இந்தியாவில் 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை உதிரிப்பாகங்களின் இறக்குமதியைத் தளர்த்தியபோது, நகரந்தோறும் 'அசெம்பிள்' செய்து விற்கும் தொழில் எழ முடிந்ததற்கு அந்தப் பொது அளவே அடிப்படை. தைவானில் செய்த மதர்போர்டும் உள்ளூர்த் தகரப் பெட்டியும் ஒன்றையொன்று பார்த்திராமலேயே பொருந்தின.

சிறிதாக்கும் முதல் முயற்சிகளில் ஒன்று இந்தப் பொதுமையைத் தொலைத்தது. 1980களின் பிற்பகுதியில் பரவிய எல்பிஎக்ஸ் என்ற தட்டையான அமைப்பில் விரிவாக்க அட்டைகள் படுக்கைவாட்டில் செருகப்பட்டன. பெட்டியின் உயரம் குறைந்தது. ஆனால் அளவுகள் முழுமையாக வரையறுக்கப்படாததால், ஒரு நிறுவனத்தின் எல்பிஎக்ஸ் பலகை இன்னொரு நிறுவனத்தின் பெட்டிக்குள் உட்காராது. பலகை பழுதானால் பெட்டியும் குப்பை. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் 30.5-க்கு 24.4 சென்டிமீட்டர் என்று பலகையின் அளவைத் தெளிவாக நிறுத்தியது. 1997-இல் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் அதையே 24.4 சென்டிமீட்டர்ச் சதுரமாக வெட்டிக்கொண்டது.

பிறகு 2001 வருகிறது. இவ்வரலாற்றில் அந்த ஓராண்டில் நின்று பார்ப்பது பயன் தரும்.

அவ்வாண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தன் பவர் மேக் ஜி4 கியூபின் உற்பத்தியை நிறுத்திவைத்தது. ஓராண்டுக்கு முன்தான் அது அறிமுகமாகியிருந்தது. சுமார் எட்டு அங்குலக் கனசதுரம், ஃபேன் கிடையாது, அடியில் நுழையும் காற்று சூடேறித் தானாகவே மேல்துளை வழி வெளியேறும். மின்வழங்கியைப் பெட்டிக்கு வெளியே வைத்தே இந்த அடக்கத்தைச் சாதித்தனர். அழகில் குறை சொல்ல இயலாத பொருள் அது. விலையில் பெரிய மேக்குகளோடு போட்டியிட வேண்டியிருந்தது. விரிவாக்கத்தில் அவற்றுக்கு ஈடாக முடியவில்லை. அதன் பலகை அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது.

அதே ஜூலையில் திருவனந்தபுரத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வியைக் கொண்டுசெல்லும் ஐடி அட் ஸ்கூல் திட்டம் உருவானதும் அக்காலத்தில்தான். மென்பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை பற்றிய விவாதம் இந்நகரில் வேர்பிடித்த அந்த மாதங்களில், வன்பொருளில் அதற்கு இணையான ஒரு நிகழ்வு தைவானில் நடந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. காலப் பொருத்தம் மட்டுமே.

தைவானின் வியா நிறுவனம் சைரிக்ஸ், சென்டார் என்ற இரண்டு சில்லு வடிவமைப்புக் குழுக்களை 1999-இல் வாங்கியிருந்தது. அவ்வழி பிறந்த சி3 செயலி வேகத்தில் இன்டெலோடு மோத முடியாதது. ஆனால் குறைந்த மின்சாரத்தில் ஓடியது, அதிகம் சூடேறவில்லை. வேகப்பந்தயத்தில் தோற்கும் சில்லுக்கு வேறொரு களம் தேவைப்பட்டது. 17 சென்டிமீட்டர்ச் சதுரப் பலகையான மினி ஐடிஎக்ஸ் அப்படித்தான் பிறந்தது. பரப்பளவில் அது ஏடிஎக்ஸில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. அதன் தொடக்ககால எபியா பலகைகளுள் ஒன்று 533 மெகாஹெர்ட்ஸ் செயலியோடு ஃபேனே இன்றி ஓடியது. பலவீனத்திலிருந்து பிறந்த அளவு இது. தொழில்நுட்ப வரலாறுகள் வென்றவர்களின் வேகத்தைப் பட்டியலிடுவதால் இந்தப் பிறப்பு அவற்றில் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது.

ஷட்டில் என்ற இன்னொரு தைவான் நிறுவனம் அதே ஆண்டில் எஸ்வி24 என்ற அலுமினியப் பெட்டியை விற்றது. ரொட்டி சுடும் பொறியின் சாயலில் இருந்த அப்பெட்டி வாங்குவோரை மயக்கியது. பலகை அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஷட்டிலின் பெட்டி முந்தி ஓடியது, வியாவின் அளவு நிலைத்தது. காரணம் நான்கு துளைகள். மினி ஐடிஎக்ஸ் பலகையின் நான்கு திருகாணித் துளைகளும் ஏடிஎக்ஸின் துளைகளில் நான்கோடு ஒத்துப்போகும்படி வைக்கப்பட்டிருந்தன. பின்புற இணைப்புகளுக்கான 158.75-க்கு 44.45 மில்லிமீட்டர்ச் செவ்வகமும் 1995-இல் வகுத்ததே. ஆகவே இச்சிறு பலகை எந்தப் பெரிய பெட்டிக்குள்ளும் உட்காரும். எவர் வேண்டுமானாலும் அதற்குப் பெட்டி செய்யலாம்.

இன்டெல் தானே முயன்ற ஒரு மாற்றம் எதிர்த்திசைச் சான்று. பென்டியம் 4 கக்கிய வெப்பத்தைச் சமாளிக்க 2003-இல் அது பிடிஎக்ஸ் என்ற புதிய அமைப்பை முன்மொழிந்தது. பலகையில் பாகங்களின் இடங்களே மாறின. பெட்டி செய்வோர் தயங்கினர். குறைவாகச் சூடேறும் செயலிகள் 2006-இல் வந்ததும் இன்டெலே அதைக் கைவிட்டது.

சிறு பெட்டியில் கணினி கட்டுவதென்பது நடைமுறையில் என்ன? பெரிய கேபினெட்டில் பாகங்களைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். சிறியதில் ஒவ்வொன்றும் மற்றொன்றுக்கு எல்லை வகுக்கிறது. வழக்கமான எஸ்எம்பிஎஸ் 1.8 லிட்டர் இடத்தை விழுங்கும். எஸ்எஃப்எக்ஸ் வகை அதில் பாதியை எட்டாது, விலை கூடுதல். எஸ்எம்பிஎஸ் சிறிதானால் செயலியின் மேல் அமரும் கூலருக்குச் சில சென்டிமீட்டர் உயரம் கிடைக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு நீண்டால் முன்புற ஃபேன் போய்விடலாம். வேலையின் வரிசையும் மாறுகிறது. செயலி, நினைவகம், கூலர் எல்லாவற்றையும் பலகையில் வெளியிலேயே பொருத்தி, மின்கம்பிகளைச் செருகும் வழியை முன்கூட்டியே நினைத்துவைத்து, அதன்பின் உள்ளே இறக்க வேண்டும். ஒரு கம்பியை மறந்தவர் பாதியைக் கழற்றுவார்.

2010களில் இந்தக் கலையை நிறுவனங்களைவிட ஆர்வலர்களே முன்னெடுத்தனர். இணையத்தில் கூடி விவாதித்த ஆர்வலர் இருவரின் வரைபடத்திலிருந்து, மக்களிடம் முன்பணம் திரட்டி, 2013-இல் என்கேஸ் எம்1 உருவானது: 12.6 லிட்டர். ஜெர்மனியில் வடிவமைக்கப்பட்ட டான் ஏ4 அதைச் சுமார் 7.2 லிட்டருக்கு இறக்கியது. இரண்டையும் தைவானின் லியான் லி தயாரித்தது. டான் ஏ4-இல் பலகையும் கிராஃபிக்ஸ் கார்டும் முதுகோடு முதுகாக நிற்கும். நடுவே ஒரு நெகிழ்கம்பிப் பட்டை அவற்றை இணைக்கும். அதில் கூலருக்குக் கிடைக்கும் உயரம் 48 மில்லிமீட்டர். அந்த எண்ணே எந்தச் செயலியை வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. இணைப்புப் பட்டைகளிலும் சிக்கல் வந்தது: பிசிஐ எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறைக்கென்று செய்த பட்டை, நான்காம் தலைமுறை வேகத்தில் தடுமாறும். பலகையின் அமைப்பில் வேகத்தைக் குறைத்துவைத்தாலன்றித் திரை ஒளிராத அனுபவம் பலருக்குண்டு.

இப்பெட்டிகளைக் குறித்த மதிப்பீடுகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளின் அறைகளில் எடுத்த அளவுகளைத் தருபவை. இது ஆய்வாளர்கள் கவனிக்கவேண்டிய இடம். காற்றால் குளிரும் எந்தப் பாகத்தின் வெப்பநிலையும் அறையின் வெப்பநிலையின்மேல் ஏறி நிற்பது. 22 டிகிரி அறையில் 75 காட்டும் செயலி, அதே சுமையில் 33 டிகிரி அறையில் 86-ஐ ஒட்டி நிற்கும். மார்ச், ஏப்ரலில் திருவனந்தபுரத்தின் பகல் 32, 33 டிகிரியைத் தொடுவது இயல்பு. மழைக்காலத்தில் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டும். கடல் சில கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் காற்றில் உப்பும் உண்டு. நெருக்கமாக அடுக்கிய பெட்டியில் ஃபேன்கள் வேகமாகச் சுழன்று அதிகக் காற்றை இழுக்கும். காற்றோடு தூசியும் ஈரமும் வரும். ஹீட்சிங்க்கின் இதழ்களில் படிவதைச் சில மாதங்களுக்கொருமுறை துடைக்காவிட்டால், தொடக்கத்தில் கிடைத்த அமைதி இரைச்சலாகும். பக்கங்களில் வலைத்தகடு உள்ள பன்னிரண்டு லிட்டர்ப் பெட்டி, கண்ணாடி பதித்த எட்டு லிட்டர்ப் பெட்டியைவிட இந்நகருக்கு ஏற்றது என்று துணிந்து கூறலாம்.

பள்ளிகளின் கதையில் இது வேறு பொருள் பெறுகிறது. ஐடி அட் ஸ்கூல் ஆய்வகங்களில் பெரும்பாலும் இருந்தவை பருமனான, அழகற்ற கோபுரப் பெட்டிகள். ஹார்டுவேர் கிளினிக் என்ற பெயரில் நடந்த முகாம்களில் பழுதான பள்ளிக் கணினிகள் பிரித்துச் சீராக்கப்பட்டன. ஒரு பள்ளியில் எரிந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பதில் இன்னொரு பள்ளியின் பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்த முடிந்தால், அதற்குக் காரணம் 1995-இன் அளவு. 2015-இல் கேரள அரசு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ராஸ்பெரி பை கருவிகளை வழங்கத் தொடங்கியது. 85-க்கு 56 மில்லிமீட்டர் உள்ள அந்தப் பலகைக்குப் பெட்டி கட்டாயமில்லை. பாகங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் செயலியும் நினைவகமும் பற்றவைக்கப்பட்டவை, கழற்ற இயலாதவை. அறிவதற்குத் திறந்தது, பழுதுபார்ப்பதற்கு மூடியது. 2018-இல் 45,000 வகுப்பறைகளை நோக்கி விரிந்த ஹைடெக் பள்ளித் திட்டம் மடிக்கணினியையும் புரொஜெக்டரையும் தேர்ந்தது. வகுப்பறைக்கு அது பொருத்தமான தேர்வே. முகாமில் பாகம் மாற்றிக் கற்ற கைப்பழக்கத்துக்கு அதில் இடம் குறைவு.

சந்தையும் அதே பக்கம் சாய்ந்தது. சுமார் பத்து சென்டிமீட்டர்ச் சதுரப் பலகையோடு இன்டெல் கொணர்ந்த நக் பெட்டிகள் அலுவலக மேசைகளில் இடம்பிடித்தன. நினைவகத்தை மாற்றலாம், செயலியை மாற்ற இயலாது. 2023 ஜூலையில் இன்டெல் அதில் நேரடி முதலீட்டை நிறுத்துவதாக அறிவித்தது. ஆசுஸ் உரிமம் பெற்றுத் தொடர்கிறது. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் இணையவாசல் ஒன்றையும் திறந்தது. சிறு பெட்டி கட்ட விழைபவர் முதலில் காண்பது விலையை: பெரும்பாலும் மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையைவிட மினி ஐடிஎக்ஸ் பலகைக்கே கூடுதலாகக் கொடுக்க வேண்டும், எஸ்எஃப்எக்ஸ் மின்வழங்கிக்கும் அப்படியே. மாணவர்கள் பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதவர் வாங்கும் இன்றைய பலகையிலும் அந்த நான்கு துளைகள் 2001-இல் இருந்த அதே இடத்தில் இருக்கின்றன. எபியா காலத்துப் பெட்டி ஒன்று துருப்பிடிக்காமல் எங்கேனும் கிடந்தால், அதிலும் அதைத் திருகிவிடலாம்.