நூலுக்கு அப்பால்: சிப்ப அச்சு முறைகள் மூன்றின் வரலாற்று ஒப்பீடு

தமிழ் அச்சு வரலாற்றாய்வு, 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கிப் பெரும்பாலும் நூல்களையே சான்றாகக் கொண்டு வளர்ந்துள்ளது. பயன்பட்டதும் எறியப்படும் உறை, பை, பெட்டி ஆகியவற்றை நூலகங்கள் சேமிப்பதில்லை. ஆயினும் அச்சுத் தொழில்நுட்பத்தின் சில பெரும் மாற்றங்கள் இப்பொருள்களுக்காகவே நிகழ்ந்தன.

ஆப்செட் எனப்படும் மறுதோன்றி அச்சே இதற்குத் தக்க சான்று. 1796இல் பவேரியாவில் செனெஃபெல்டர் கண்ட கல்லச்சு, எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பில் அமைந்தது. காகிதத்துக்குப் பொருந்திய அம்முறை தகரத்துக்குப் பொருந்தவில்லை; கல், தகரம் இரண்டுமே கடினமானவை, மை சீராகப் படியாது. 1875இல் இலண்டனில் ராபர்ட் பார்க்ளே, அட்டை போர்த்திய உருளையில் படத்தை முதலில் பதித்து, அதிலிருந்து தகரத்துக்கு மாற்றினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அமெரிக்காவில் ஐரா ரூபெல் ரப்பர் போர்வை வழியே காகிதத்தில் இவ்வாறு அச்சிட்டார். ரூபெலையே இம்முறையின் தந்தை எனப் பாடநூல்கள் பல கூறுகின்றன. காகிதத்தைப் பொறுத்தவரை மட்டுமே அக்கூற்று பொருந்தும்.

கிராவ்யூர் எனும் குழிவச்சு துணி அச்சோடு உறவுடையது. இங்கிலாந்தின் லங்காஸ்டரில் துணி அச்சிட்ட ஸ்டோரி சகோதரர் ஆலையில் கார்ல் கிளீச் இதனை உருவாக்கினார். 1895இல் ரெம்ப்ராண்ட் நிறுவனம் தோன்றியது. உருளையில் செதுக்கிய குழியின் ஆழமே மையின் அடர்த்தியைத் தீர்மானிக்கும். உருளை செதுக்கும் செலவு மிகுதி. இலட்சக்கணக்கில் ஒரே உறை தேவைப்படும்போதுதான் அது கட்டுப்படியாகும்.

மூன்றாவது முறையின் வரலாறு விந்தையானது. 1890இல் லிவர்பூலைச் சேர்ந்த பிப்பி, பேரன் நிறுவனம் காகிதப் பைகளுக்கென ஓர் எந்திரம் செய்தது. நீரில் கரையும் மை எளிதில் கலைந்ததால் ‘பிப்பியின் மடமை’ என்று அது எள்ளப்பட்டது. நெகிழும் ரப்பர்த் தகடு சொரசொரப்பான தாளிலும் படிந்தது. விரைந்து உலரும் அனிலின் சாய மை, மையை உறிஞ்சாத செலோஃபேனிலும் நின்றது. மற்ற முறைகள் எளிதில் எட்டாத பரப்புகள் இவை. படத்தின் நுட்பத்தில் இது குழிவச்சுக்கு ஈடாகாதபோதும், சிப்பத் தொழில் இதனைக் கைவிடவில்லை.

இடையூறு பெயரில் இருந்தது. ‘அனிலின் அச்சு’ என்றே இம்முறை வழங்கிற்று. 1940களில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனிலின் சாயங்கள் உணவுப் பொதிகளுக்கு ஏற்றவையல்ல என வகைப்படுத்தியது. பாதுகாப்பான புதிய மைகள் ஏற்கப்பட்ட பின்னரும் உணவு நிறுவனங்கள் சில தயங்கின. மை மாறியும் பெயர் மாறவில்லை அல்லவா? அச்சுத் தகடு தயாரிப்பாளர் ஃபிராங்க்ளின் மாஸ் புதிய பெயர் கோரி வாக்கெடுப்பு நடத்தினார். இருநூறுக்கு மேற்பட்ட பெயர்கள் வந்தன. அவற்றுள் மூன்றைப் பொறுக்கி அஞ்சல்வழி வாக்குக்கு விட்டபோது ‘ஃபிளெக்சோகிராஃபி’ வென்றது. 1952இல் அது அறிவிக்கப்பட்டது.