எழுத்தில் ஏறாதவர் வரலாறு

வரலாறு என்பது மன்னர்தம் போர்களையும் ஆளுநர்தம் ஆணைகளையும் மட்டும் கூறுவதன்று. ஊரைத் தூய்மை செய்தோரின் வாழ்வும் வரலாறே. ஆயினும் நம் முன்னோர் நெடுங்காலம் எழுத்துக்குப் புறம்பே நிறுத்தப்பட்டனர். ஆதலின் அவர்தம் உழைப்பும் இறப்பும் ஏட்டில் ஏறவில்லை. இக்குறையைப் படக்கருவி கொண்டு தீர்க்க முனைந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி நம் இளைஞர்கள் அறிதல் நலம்.

அவர் அருப்புக்கோட்டையைச் சேர்ந்த திவ்யபாரதி. மாணவர் இயக்கத்தின் வழியே பொதுவாழ்வுக்கு வந்தவர். 2015ஆம் ஆண்டில் மதுரையில் துப்புரவுத் தொழிலாளர் இருவர் நச்சுவாயு தாக்கி மாண்டனர். அத்துயரமே அவரை ஆவணப்படத் துறைக்கு ஈர்த்தது. தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் சென்று, மலக்குழியில் இறங்குவோரையும் கணவரை இழந்த பெண்களையும் நேரிற் கண்டு, அவர்கள் வாய்மொழியாகவே செய்திகளைப் பதிவு செய்தார். அப்படமே 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்'. இச்சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது என்பர். நமக்கு அண்மையிலுள்ள நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் வசம் இருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இத்துறையில் அவருக்கு முன்னோடியும் உண்டு. மதுரைத் தெருவொன்றில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் அன்றாடப் பணியை ஆர்.பி.அமுதன் 2003இலேயே 'பீ' என்னும் படத்தில் காட்டினார்.

கையால் மலம் அள்ளுவிப்பதைத் தடுக்கும் சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. 2013இல் மேலும் விரிவான சட்டம் வந்தது. 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தோரின் குடும்பத்திற்கு ரூபாய் 10 லட்சம் வழங்குமாறு உச்சநீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது; 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் ஏட்டில் இருக்க, மனிதர் குழியில் இருந்தனர் என்னும் உண்மையை மறுக்கவொண்ணாச் சான்றாக்கியதே திவ்யபாரதியின் பணி. திரையிடலுக்குப் பல இடங்களில் தடை வந்தது, மிரட்டல்களும் வந்தன. அவர் படத்தை இணையத்தில் வெளியிட்டு மக்களிடம் சேர்த்தார். பின்னர் ஒக்கிப் புயலில் மாண்ட மீனவர்களின் துயரையும் 'ஒருத்தரும் வரேல' என்னும் படமாக்கினார்.

பள்ளியில் மாணவரைச் சேர்க்கும்போது, 'தந்தையின் தொழில் யாது?' என்று நாம் வினவுவதுண்டு. துப்புரவுத் தொழிலாளியின் மகன் அப்போது தலை கவிழ்ந்து, குரல் தாழ்த்தி விடை கூறுவதைப் பன்முறை கண்டுள்ளோம். அந்நாணம் அச்சிறுவனுக்கு உரியதன்று. அத்தொழிலைப் பிறப்பின் பெயரால் ஒரு சாரார் தலையில் சுமத்திய சமுதாயத்திற்கே உரியது. இதை அவனுக்கு உரைப்பதும் ஆசிரியர் கடனே.

இளைஞர்களே! படக்கருவி இன்று உங்கள் கைப்பேசியிலேயே உள்ளது. காரைக்காலின் ஒவ்வொரு தெருவிலும் உள்ள முதியோரை அணுகுங்கள். அவர்கள் செய்த வேலை, பெற்ற கூலி, படிக்க இயலாது போன காரணம் ஆகியவற்றை ஆண்டுடனும் பெயருடனும் பதிந்து வையுங்கள். வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், நம் வரலாற்றுக்காகப் பிறர் ஏட்டைத் தேடும் நிலை நமக்கு இருத்தலாகாது.