படகில் எல்லோருக்கும் இடம் உண்டு

பிட்ஸ்பர்க்கில் கென்னிவுட் பூங்காமேல் பிரியம் உள்ளவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், வாக்குவாதம் தொடங்கிவிடும். பூங்காவில் அடுத்து என்ன வர வேண்டும்? இன்னும் உயரமான ரோலர் கோஸ்டரா, நனைந்து சிரிக்க ஒரு நீர் ரைடா, சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்து ஏறும்படி வேறு ஏதாவதா? எங்கள் ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதற்காகக் குரல்கள் உயர்ந்திருக்கின்றன. பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற உருக்காலைத் தொழிலாளி, புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து வாதாடியிருக்கிறார். பிழைக்க வந்த ஊர்தான் என்றாலும், இந்த வழக்கில் நானும் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டேன். என் கட்சி படகுக் கட்சி. அதற்கு வேண்டிய சாட்சியம் முழுவதும் அந்தப் பூங்காவின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

கென்னிவுட் இருப்பது மோனங்கஹேலா ஆற்றின் மேலே, ஒரு மேட்டு விளிம்பில். அங்கே நின்று பார்த்தால் எதிர்க்கரையில் எட்கர் தாம்சன் உருக்காலை தெரியும். ஆண்ட்ரூ கார்னகி 1875-இல் தொடங்கிய ஆலை அது, இன்னும் புகைகிறது. ஆற்றங்கரை மேட்டில் ஆன்டனி கென்னி என்பவருக்கு ஒரு தோப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு அங்கே போய் நிழலில் உட்காருவார்கள். 1898-இல் மோனங்கஹேலா டிராம் கம்பெனி அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தது. டிராம் வண்டிகள் வாரநாட்களில் ஆலைக்கு ஆட்களைச் சுமந்தன. விடுமுறையில் காலியாக ஓடின. பாதையின் கோடியில் ஒரு பூங்கா இருந்தால் குடும்பத்தோடு வந்து ஏறுவார்கள் என்பது கணக்கு. அமெரிக்காவின் பல ஊர்களில் பூங்காக்கள் இப்படித்தான் பிறந்தன. அவற்றில் பெரும்பாலானவை டிராமோடு சேர்ந்து மறைந்தன. கென்னிவுட் தப்பித்தது. 1906-இல் பொறுப்பேற்ற ஹெனிங்கர், மெக்ஸ்விகன் குடும்பங்கள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அதைக் கைவிடாமல் நடத்தின. 1987-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஆலையின் நெருப்பில் வாரம் முழுவதும் வெந்த ஒரு மனிதர், மனைவி மக்களோடு டிராமில் வந்து இறங்கினால் முதலில் எதைத் தேடுவார்? நிழலையும் தண்ணீரையும்தான். அதனால்தான் பூங்காவின் நடுவில் ஒரு ஏரி வெட்டினார்கள். 1901-இல் ‘ஓல்டு மில்’ என்ற படகு ரைடு வந்தது. பூங்காவின் முதல் ரோலர் கோஸ்டர் 1902-இல்தான் எழுந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கென்னிவுட்டில் முந்திப் பிறந்தது படகு.

ஓல்டு மில்லின் அமைப்பு மிக எளிமையானது. வளைந்து வளைந்து போகும் ஒரு வாய்க்கால். ஒரு துடுப்புச் சக்கரம் சுழன்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நீரோட்டத்தில் படகு தானாக மிதந்து இருட்டுக் கூடத்துக்குள் நுழையும். உள்ளே சில காட்சிகள், பிறகு இருட்டு, பிறகு மறுபடி ஒரு காட்சி. கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் பொது இடத்தில் நெருங்கி உட்காரக் கூசிய காலத்தில், அந்த இருட்டு ஓர் அனுமதிச்சீட்டாக இருந்தது. அதே படகில் அடுத்த சுற்றுக்குத் தாத்தாவும் பேத்தியும் ஏறினார்கள். காட்சிகளும் பெயரும் காலத்துக்கு ஏற்ப மாறின. வாய்க்கால் மட்டும் நிலைத்தது.

அதே காலத்தில் இன்னொரு வகைப் படகும் அமெரிக்காவைக் கிறங்கடித்துக்கொண்டிருந்தது. 1884-இல் இலினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில், குன்றின் சரிவில் மரத்தடம் அமைத்து, தட்டையான அடிப்பாகம் கொண்ட படகை ஆற்றுக்குள் சறுக்கிவிட்டார்கள். படகு நீரில் மோதி, எகிறி, தவளைக்கல் போலத் துள்ளிக்கொண்டு ஓடும். பின்னாலிருந்து படகோட்டி அதைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவருவார். அதற்குத் தனியாக பிரேக் எதுவும் வேண்டியதில்லை, தண்ணீரே பிரேக். இந்தச் சறுக்குப் படகை நாடறியச் செய்தவர் பால் பாய்ட்டன். காற்றடைத்த ரப்பர் உடை அணிந்து 1875-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர். 1895-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் வேலி கட்டி, நுழைவுக் கட்டணம் வைத்து, அவர் திறந்த ‘சீ லயன் பார்க்’கின் பெரிய கவர்ச்சிகளில் ஒன்று அந்தச் சறுக்குதான். நாம் இன்று கேளிக்கைப் பூங்கா என்று சொல்வதன் முன்மாதிரி அது. அந்த இடத்தில்தான் 1903-இல் புகழ்பெற்ற லூனா பார்க் எழுந்தது.

பிட்ஸ்பர்க்கிலும் ஒரு லூனா பார்க் இருந்தது. ஃபிரெடரிக் இங்கர்சால் 1905-இல் ஓக்லண்ட் பகுதியில் கட்டியது. ஆயிரக்கணக்கான விளக்குகளும் நடுவில் நீர்ச்சறுக்கும் இருந்தும் 1909-லேயே மூடப்பட்டுவிட்டது. கென்னிவுட் அந்த நினைவை மறக்கவில்லை. 1995-இல் ‘லாஸ்ட் கென்னிவுட்’ என்ற புதிய பகுதியைத் திறந்தபோது, லூனா பார்க்கின் பழைய நுழைவாயிலைப் போலவே ஒரு வளைவும், ‘பிட்ஸ்பர்க் பிளஞ்ச்’ என்ற நீர்ச்சறுக்கும் கட்டினார்கள். போட்டிப் பூங்கா ஒன்று செத்து எண்பது வருடங்களுக்கு மேலான பிறகும் அதற்கு மரியாதை செய்த அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்தது.

இனி, எங்கள் ஊர் வாக்குவாதத்தின் ஆறாத புண்ணுக்கு வருகிறேன்: ‘லாக் ஜாமர்’ என்ற மரக்கட்டைப் படகு ரைடு.

அதன் பூர்வீகம் மேற்கத்திய மலைக்காடுகள். நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு மரம் வேண்டியிருந்தது. மலையிலிருந்து மரத்தைக் கீழே கொண்டுவர, பலகைகளால் மைல் கணக்கில் வாய்க்கால் கட்டித் தண்ணீர் விட்டார்கள். 1875-இல் நியூயார்க் டிரிபியூன் பத்திரிகையின் நிருபர் ராம்ஸ்டெல் சுரங்க முதலாளிகளோடு அந்த வாய்க்காலில் இறங்கினார். தொட்டி போன்ற படகில் 15 மைல் தூரத்தை அரைமணிக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்து, உயிர் பிழைத்து வந்து எழுதினார். அந்த ஆபத்தைப் பாதுகாப்பான மகிழ்ச்சியாக மாற்றியது கலிஃபோர்னியாவின் ஆரோ நிறுவனம். அவர்கள் செய்த முதல் மரக்கட்டைப் படகு ரைடு 1963-இல் டெக்சாஸின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில் ஓடியது. குடைந்த மரத்துண்டு போன்ற படகு, மேலே பம்பு செய்த தண்ணீர், வார்ப்பட்டையில் ஏற்றம், கடைசியில் ஒரு பெரும் இறக்கம். ஒருவர் பின் ஒருவராக, முன்னால் இருப்பவரின் முதுகில் ஒட்டிக்கொண்டு குடும்பமே ஏறும். நாடெங்கும் பூங்காக்கள் அதைக் கேட்டு வாங்கின. கென்னிவுட்டுக்கு அது 1975-இல் வந்தது.

நாற்பது வருடங்களுக்கு மேல் அது ஓடியது. இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடங்கள் கென்னிவுட்டுக்குச் சுற்றுலா போவது பழைய வழக்கம். ஸ்லோவாக்கியர், இத்தாலியர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் பூங்காவில் தனித்தனி நாள் உண்டு. அப்படி வந்த அம்மாக்கள் சின்ன வயதில் நனைந்த அதே படகில் பிறகு தங்கள் பிள்ளைகளை ஏற்றினார்கள். 2017 செப்டம்பரில் லாக் ஜாமர் கடைசியாக ஓடியது. கடைசி நாட்களில் வரிசையில் நின்றவர்களில் பலர் குடும்பமாக வந்திருந்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரரும் மகளும் பேரனும் அந்த வரிசையில் இருந்தார்கள். 2019-இல் அதன் இடத்தில் ‘ஸ்டீல் கர்ட்டன்’ என்ற ரோலர் கோஸ்டர் வந்தது: 220 அடி உயரம், ஒன்பது தலைகீழ் சுழற்சிகள். இந்த ஊரின் உயிரான ஸ்டீலர்ஸ் கால்பந்து அணியின் பெயரில் அமைந்த பகுதியில்தான் அது எழுந்தது.

கோஸ்டர் கட்சிக்காரர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். மற்ற ஊர்ப் பூங்காக்களோடு போட்டியிட வேண்டும். இளைஞர்களை இழுக்க வேண்டும். இங்கே குளிர் சீக்கிரம் வந்துவிடும், நீர் ரைடுக்கு ஆயுள் கோடை மட்டுமே. பம்பு, தொட்டி, கசிவு, துரு என்று செலவு ஓயாது. எல்லாம் நியாயம். ஆனால் ஒன்பது முறை தலைகீழாகச் சுழலும் வண்டியில் யார் ஏற முடியும்? உயரக் கோலுக்கு எட்டாத பிள்ளை கீழே நிற்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் கீழே நிற்பார். முட்டி வலிக்கும் பாட்டி கைப்பைகளைக் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரே குடும்பம் ஒரே பூங்காவுக்குள் மூன்றாகப் பிரிந்துவிடுகிறது.

பென் ஹில்ஸில் எழுபதுகளில் கட்டப்பட்ட வேங்கடேஸ்வரர் கோயிலுக்கு அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்து நம்மவர்கள் வருகிறார்கள். தரிசனம் முடிந்து புளியோதரை சாப்பிட்டதும், “வேறென்ன பார்க்கலாம்?” என்று கேட்கும் விருந்தாளிகளை நான் கென்னிவுட்டுக்குத்தான் அழைத்துப் போவேன். பென்னாகரத்திலிருந்து என் அம்மா வந்திருந்தபோதும் அப்படித்தான். 1985-இல் அமைத்த ‘ரேஜிங் ராப்பிட்ஸ்’ முன்னால் நின்று, வட்டமான அந்தப் படகு சுழன்று சுழன்று வருவதைப் பார்த்த அம்மா, “இது நம்ம ஒகேனக்கல் பரிசல்தானடி, ரப்பர்ல பண்ணியிருக்கான். வா, ஏறலாம்” என்றார். புடவையைச் செருகிக்கொண்டு ஏறியும் விட்டார். பரிசலில் போலவே அதிலும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வட்டமாக உட்கார வேண்டும். அலை யார்மேல் விழும் என்பது யாருக்கும் தெரியாது. என் மகன் தப்பித்தான். அம்மா தலையோடு நனைந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அமெரிக்கப் பெண்மணி கைதட்டிச் சிரித்தார். அம்மாவும் அவரும் ஒரு சொல்கூடப் பேச மொழியில்லாமல், படகு கரை சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

1977-இல் ஆர்லாண்டோவில் ஜார்ஜ் மிலே திறந்த ‘வெட் அண்ட் வைல்டு’ வேறொரு காலத்தைத் தொடங்கிவைத்தது: நீச்சலுடை, குழாய்ச் சறுக்கு, செயற்கை அலை. அந்த அலை இங்கேயும் வந்தது. 1986-இல் ஹோம்ஸ்டெட் உருக்காலை மூடப்பட்டு ஊரே ஒடிந்துபோன பிறகு, ஆற்றங்கரையில் பழைய ரயில்வே யார்டு இருந்த நிலத்தில், கென்னிவுட் கம்பெனி 1989-இல் ‘சாண்ட்காசில்’ என்ற வாட்டர் பார்க்கைத் திறந்தது. சரக்கு வண்டிகள் நின்ற இடத்தில் பிள்ளைகள் விளையாடியது அந்த ஊருக்கு ஆறுதல். நானும் அங்கே மகிழ்ச்சியாகப் போகிறேன். ஆனாலும் சறுக்குக் குழாயில் பெரும்பாலும் அவரவர் தனியாகத்தான் இறங்க வேண்டும். பூங்காவுக்குள் உடுத்திய துணியோடு, குடும்பத்தோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறும் படகின் இடத்தை அது நிரப்பாது.

ரசிகர்கள் பேசிப் பயனில்லை என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். கென்னிவுட்டின் அண்மைக் கால வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1936-இல் கட்டிய ‘நோவாவின் பேழை’ என்ற ஆடும் கப்பலுக்குள் மக்கள் ஒரு திமிங்கிலத்தின் வாய் வழியாக நுழைவார்கள். 1996-இல் அந்த வாயை எடுத்துவிட்டார்கள். இருபது வருடங்களாக மக்கள் அதை நினைத்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2016-இல் திமிங்கிலம் திரும்பி வந்தது. ஓல்டு மில்லை 2004-இல் கார்ட்டூன் பூனை கார்ஃபீல்டின் பெயருக்கு மாற்றினார்கள். பூனைமேல் யாருக்கும் பகையில்லை. பழைய படகின் பெயர் போனதுதான் வருத்தம். 2020-இல் பூனை விடைபெற்றது, ஓல்டு மில் தன் பெயரோடு மீண்டது. ஒரு பூங்கா தன் மக்களின் நினைவுக்குக் காது கொடுத்ததற்கு இவை இரண்டும் சான்று.

ஆகவே நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். கென்னிவுட்டில் அடுத்து எது வந்தாலும் அதில் தண்ணீர் ஓட வேண்டும், அது படகாக இருக்க வேண்டும், மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார அதில் இடம் இருக்க வேண்டும். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்ற சாதனைகளை அடுத்த ஊர்ப் பூங்கா அடுத்த கோடையில் முறியடித்துவிடும். 1901-இல் தோண்டிய வாய்க்காலோ இன்றும் ஆள் ஏற்றுகிறது. உருக்காலைத் தொழிலாளியின் குடும்பத்தை நம்பிப் பிறந்த பூங்காவுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை.