முகமறியாப் பிள்ளைக்குப் பள்ளிச் செலவு

இருப்புப்பாதைப் பணியில் காலங்கழிக்கும் நமக்குக் கென்யா முற்றிலும் அயல்நாடன்று. மொம்பாசாத் துறைமுகத்தையும் விக்டோரியா ஏரியையும் இணைக்கும் பாதையை 1896 முதல் 1901 வரை அமைத்தவர்களுள் ஏறத்தாழ 32,000 பேர் இந்தியாவிலிருந்து கப்பலேறிச் சென்ற தொழிலாளர். தலைநகராகிய நைரோபியும் 1899இல் அப்பாதையின் பண்டகசாலையாகத் தோன்றிய ஊரே. அந்நாட்டில் நிகழ்ந்த கல்விக்கொடை ஒன்றின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுதப் புகுகின்றோம்.

1963 டிசம்பர் 12இல் கென்யா விடுதலை பெற்றது. ஆயினும் பள்ளிக் கட்டணச் சுமை உடனே நீங்கிவிடவில்லை. தொடக்கக் கல்வி எங்கும் இலவசமானது 2003ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு, கட்டணம் கட்ட இயலாத பிள்ளை எத்துணை அறிவுடையதாயினும் வீட்டில் நிற்க வேண்டியதே. கியாம்பு வட்டாரச் சிற்றூர் ஒன்றில் பிறந்த கிரிஸ் ம்புரு அத்தகைய ஏழைப் பிள்ளை. படிப்பில் முதல்வன்; ஆனால் வீட்டில் பொருள் இல்லை.

அந்நாளில் ஸ்வீடன் நாட்டில், ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு அளிக்கும் திட்டம் ஒன்றில் ஹில்டே பாக் என்னும் அம்மையார் சேர்ந்தார். அவர் செல்வர் அல்லர். சிறார் பள்ளி ஆசிரியை. பருவம் ஒன்றுக்கு ஏறத்தாழ 15 டாலர் அனுப்பினார். அத்தொகையால் ம்புருவின் படிப்பு தொடர்ந்தது. நைரோபிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார், ஹார்வர்டு சென்றார், ஐக்கிய நாடுகள் சபையில் மனித உரிமை வழக்கறிஞர் ஆனார்.

பின்னர் அவர், தம்மைப் போன்ற பிள்ளைகளுக்கென 2001ஆம் ஆண்டில் ஒரு கல்வி நிதியை நிறுவி, அதற்கு அம்மையாரின் பெயரையே இட்டார். அதுகாறும் அவர் அம்மையாரின் முகத்தைக் கண்டதில்லை. தேடிக் கண்டபோதுதான் அவருடைய பழைய வரலாறு தெரிந்தது.

அம்மையார் 1922இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கு 1938இல் யூதப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளினின்றும் விலக்கப்பட்டனர். அவரும் படிப்பை இழந்தார். இளம்பருவத்தில் ஸ்வீடனுக்குத் தப்பி வந்தார். பெற்றோரோ நாஜி முகாம்களுக்கு அனுப்பப்பட்டு மாண்டனர். தமக்கு மறுக்கப்பட்ட பள்ளியையே, முகமறியாத ஒரு பிள்ளைக்கு அவர் அளித்தார். இவ்வரலாறு 2010இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. 2021இல் அம்மையார் மறைந்தார்.

நிற்க. இதை எழுதும் நாம் மெட்ரிகுலேஷனோடு நின்றவர்கள். மேற்படிப்புக் கட்டணத்தைத் தாம் தருவதாக உறவினர் ஒருவர் மனமுவந்து சொன்னார். கட்ட வேண்டிய நாளில் அவர் கையில் பணம் இல்லை. அவரை நொந்துகொள்ள இன்று மனம் வரவில்லை; அவருக்கும் பிள்ளைகள் நால்வர். ஆனால் பள்ளிக் கட்டணத்திற்கு ஒரு நாள் உண்டு என்பதையும், அந்நாள் தவறினால் நல்லெண்ணம் பயன்படாது என்பதையும் அன்றே அறிந்தோம். அம்மையார் அனுப்பியது சிறு தொகையே. அது பருவந்தோறும் போய்ச் சேர்ந்ததே ம்புருவைக் காத்தது.

நம் சங்கமும் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குப் பரிசளிக்கிறது, கைதட்டுகிறோம். பள்ளி திறக்கும் மாதத்தில் ஒரு தாய் கட்டணம் கேட்டு வந்தால் நம் கல்வி நிதியில் பணம் இருப்பதில்லை. காலனியில் வீட்டிற்கு மாதம் 50 ரூபாய் ஒதுக்குவோமாயின், 60 வீடுகளுக்கு 3,000 ரூபாய் சேரும். அதைக்கொண்டு ஒரு பிள்ளையையேனும் படிப்பு முடியும்வரை நாம் தாங்கலாம்.

அப்பிள்ளை தமிழ்ப்பிள்ளையாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. நம் தெருவைக் கூட்டும் அம்மையாரின் மகள் இவ்வாண்டு பத்தாம் வகுப்பு எழுதுகிறாள். அவள் பேசும் மொழி வேறு. நமக்குச் சோறிடும் இந்த ஊரின் மொழி அது. வரும் பொதுக்குழுவில் அன்பர்கள் இதனை எண்ணிப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்.