ஊர் கடந்து கல்லூரி சென்றோர்: ஒரு வரலாற்று நோக்கு

நம் சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பள்ளிகள் தோன்றிய கதையையே எழுதிச் செல்கின்றனர். எந்த ஆண்டில் எந்தச் சேரியில் எவர் பள்ளி திறந்தார், எத்தனை பிள்ளைகள் வந்து சேர்ந்தனர் என்னும் செய்திகள் ஓரளவு தொகுக்கப்பட்டுவிட்டன. ஆனால் பள்ளிப் படிப்பை முடித்த பதினேழு வயதுப் பிள்ளையொன்று, பெற்றோரைப் பிரிந்து, உற்றார் எவரும் இல்லாத தொலைநகரில் தங்கிக் கற்ற வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை. நம் பிள்ளைகளின் படிப்பு இடையில் முறிந்த இடங்களைத் தேடிச் சென்றால், அவற்றுள் பல வகுப்பறையில் இல்லை. விடுதி வாயிலிலும், கட்டணம் செலுத்தும் சாளரத்தின் முன்னும், "நீ எந்த ஊர், எந்தத் தெரு" என்று சக மாணவன் வினவும் இடத்திலும் இருக்கின்றன. ஆகவே இவ்வெள்ளி விழா மலரின் வாயிலாக அவ்வரலாற்றின் சில பகுதிகளை நம் இளைஞர்கள் முன்னும், அவர்களை அனுப்பி வைக்கும் பெற்றோர்கள் முன்னும் வைக்க விழைகிறேன்.

1859ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், கோயம்புத்தூரில் கல்வி பயின்றவர். 1939இல் வெளிவந்த தம் "ஜீவிய சரித்திர சுருக்கம்" என்னும் சிறு நூலில் அந்நாட்களைச் சில வரிகளிலேயே சொல்லி முடித்துவிடுகிறார். ஏறத்தாழ 400 மாணவர் பயின்ற அக்கலாசாலையில் பத்துப் பேர் நீங்கலாக மற்றையோர் அனைவரும் பிராமணர். பிற பிள்ளைகளோடு நட்புக் கொண்டால் தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, அவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு கலைந்ததும் எவரும் தம்மை எட்டிப் பிடிக்காதபடி விரைந்து வீடு திரும்புவார்.

இச்செய்தியை நம் இளைஞர் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சீனிவாசனார் அறிவுக் குறைவால் ஒதுங்கியவரல்லர். பாடத்தைக் கண்டு அஞ்சியவருமல்லர். பிற மாணவர் ஆடியும் பேசியும் ஒருவர்க்கொருவர் ஐயம் தீர்த்தும் கழித்த நேரத்தை, அவர் மறைந்து நிற்பதிலேயே கழிக்க நேர்ந்தது. கல்லூரி என்பது ஆசிரியர் உரைப்பதைக் கேட்டு எழுதும் இடம் மட்டும் அன்றே! பாதிக் கல்வி தோழரிடமிருந்தே வருகிறது. அப்பாதியை அவரிடமிருந்து சாதி பறித்துக்கொண்டது. ஆயினும் அதே மனிதர் 1893இல் ஓர் இதழைத் தொடங்கியபோது அதற்குச் சூட்டிய பெயர் "பறையன்" என்பதாகும். எந்தப் பெயர் தெரிந்துவிடுமோ என்று மாணவப் பருவத்தில் ஓடி ஒளிந்தாரோ, அந்தப் பெயரையே முகப்பில் அச்சிட்டு நாடறிய விற்றார். 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் அமர்ந்தார்.

இனி நம் புதுக்கோட்டைக்கு வருவோம். மன்னர் கல்லூரி 1880இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. அக்கல்லூரியின் முதல்வராக இருந்த நாராயணசாமி ஐயருக்கும், இசை வேளாளர் மரபில் வந்த சந்திரம்மாளுக்கும் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தையார் இல்லத்திலேயே அவருக்குப் பாடம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பெண் என்பதற்காகவும், தாயின் பிறப்பைச் சுட்டியும் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது சேர்க்கைக்கு ஆணையிட்டார். 1907இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கு இருப்புப் பாதை வந்ததே 1929இல்தான் என்பதை நினைவிற் கொண்டால், 1907இல் இவ்வூரிலிருந்து ஒரு பெண் சென்னைக்குப் படிக்கப் புறப்பட்டது எத்தகைய செயல் என்பது விளங்கும். ரயிலேறுவதற்கே வண்டி கட்டிக்கொண்டு வேற்றூர் செல்ல வேண்டியிருந்த காலம் அது.

முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நம் சமுதாயத்தவர் அல்லர். ஆயினும் பிறப்பைக் காட்டிக் கதவடைக்கும் கொடுமையை அவர் அறிவார். 1930இல் ஆதரவற்ற பெண்களுக்கென அவர் நிறுவிய அவ்வை இல்லத்தின் தோற்றத்தை அவ்வனுபவத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் புறப்படுமுன் அவருக்குக் கற்றறிந்த தந்தை இருந்தார். கதவைத் திறந்துவிட ஒரு மன்னர் இருந்தார். கந்தர்வகோட்டைப் பக்கத்து வயலிலோ குளத்தூர்ப் பக்கத்துக் கல்லுடைக்கும் இடத்திலோ கூலி வேலை செய்த நம் பாட்டன்மார்க்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை. அக்குறையை இட்டு நிரப்ப வேண்டிய கடமையே பின்னாளில் நம் கல்விச் சங்கங்களின் தலையில் விழுந்தது.

அண்ணல் அம்பேத்கரின் கல்விப் பயணத்தை நம் மேடைகளில் பட்டங்களின் பட்டியலாகவே கூறுகிறோம். அதை அறைகளின் வரலாறாகப் படித்தால் வேறொரு உண்மை புலனாகும். 1913 பிப்ரவரியில் தந்தை இராம்ஜியை இழந்த அவர், பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த மாதம் 11½ பவுன் உதவித் தொகையுடன் அவ்வாண்டு ஜூலையில் நியூயார்க் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்து மாணவர் விடுதியில், நாவல் பத்தேனா என்னும் பார்சி நண்பரோடு தங்கினார். அந்நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. படித்துத் திரும்பி 1917இல் பரோடா அரசின் பணிக்குச் சென்றவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி சத்திரமொன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். சில நாட்களில் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. கடல் கடந்த நாட்டில் கிடைத்த அறை, உதவித் தொகை கொடுத்து அனுப்பிய மன்னரின் தலைநகரிலேயே கிடைக்கவில்லை! பிற்காலத்தில் மக்கள் கல்விக் கழகத்தை 1945இல் நிறுவிய அண்ணல், ஔரங்காபாத்தில் கல்லூரி கண்டபோது விடுதிகளையும் உடன் அமைத்ததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை.

தமிழகத்தில் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர் சுவாமி சகஜானந்தர். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, பள்ளியோடு மாணவர் உண்டு உறையும் இல்லத்தையும் நடத்தினார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதே ஊரில் எழுந்தபோது, நம் பிள்ளைகள் தங்கிப் படிக்க அங்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. பள்ளி கட்டியவரைப் போற்றும் நாம் விடுதி கட்டியவரை அந்த அளவுக்குப் போற்றுவதில்லை. பள்ளியைவிட விடுதியே நம் சமுதாயத்தில் பட்டதாரிகளைப் பெருக்கியது என்று நான் துணிந்து கூறுவேன். 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறையின் பொறுப்பில் இருந்த பணி, 1949இல் தனித் துறையிடம் சேர்ந்தது. அதுவே இன்றைய ஆதிதிராவிடர் நலத் துறையின் மூலம். அரசு விடுதிகளின் கூரையையும் குழம்பையும் பற்றி நம் மாணவர் பாடும் வசைகள் யாவும் உண்மையே. எனினும் அக்கூரை இல்லாதிருந்தால் அவர்களுள் பலர் அந்நகரத்தையே கண்டிருக்க மாட்டார்கள்.

பணத்தைப் பற்றிய செய்தி இதனினும் கசப்பானது. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அமர்ந்த அண்ணல், அவ்வாண்டு அக்டோபரிலேயே தாழ்த்தப்பட்டோரின் குறைகளை விரித்து ஒரு மனு அளித்தார். அதன் பயனாக, பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கீட்டுடன் 1944இல் உதவித் தொகைத் திட்டம் பிறந்தது. இன்றளவும் நம் பிள்ளைகளைத் தாங்கி நிற்பது அதுவே. ஆனால் கட்டணம் கேட்கப்படுவது கல்லூரி திறக்கும்போது. தொகை வந்து சேர்வதோ பல மாதங்கள் கழித்து. சில வேளைகளில் ஆண்டே கடந்துவிடும். இந்த இடைவெளியில்தான் தாயின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. வட்டிக்காரர் வீட்டுக்குள் வருகிறார். முடியாதபோது பிள்ளை திரும்பி வருகிறது. அரசின் விதியை நம்மால் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. ஆனால் உறுப்பினர் சந்தாவிலிருந்து ஒரு சுழல் நிதியை ஒதுக்கி, கட்டண நாளில் வட்டியின்றிக் கொடுத்து, உதவித் தொகை வந்ததும் திரும்பப் பெறுவது ஊர்ச் சங்கமொன்றின் ஆற்றலுக்கு உட்பட்டதே.

நம் மாவட்டத்தின் பெருமைகளுள் ஒன்றை ஈண்டுக் குறிப்பிடாமல் செல்வது தகாது. 1991இல் இங்குத் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், கல்லுடைக்கும் பெண்களும் வயலில் கூலி வேலை செய்த பெண்களும் எழுத்தறிந்ததோடு நில்லாது, பல்லாயிரக் கணக்கில் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கேலி பேசியவர்கள் பின்னர் வாயடைத்து நின்றனர். அந்தத் தாய்மாரின் மக்களும் பேரப்பிள்ளைகளுமே இன்று கல்லூரி வாயிலில் நிற்கின்றனர். தாம் பிறர் துணையின்றிப் பக்கத்து ஊருக்குச் சென்று வந்த முதல் நாளின் அச்சமும் மகிழ்ச்சியும் அத்தாய்மார்க்கு நினைவிருக்கும். வெளியூர் செல்லும் மகளுக்கு எந்த நூலினும் அந்நினைவே சிறந்த பாடம். அதை அவர்கள் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியது வேறொன்றும் உண்டு. நம் வீடுகளில் பெற்றோர் பாசத்தின் காரணமாகவே சாதியைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசாது விடுகின்றனர். தாம் பட்ட துயரம் அவர்களைத் தீண்ட வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். அதனால் அப்பிள்ளை அதனை முதன்முதலில் அந்நியர் வாயிலிருந்து, தனியனாக நிற்கும் வேளையில் அறிந்துகொள்கிறது. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தியை நாடே படித்தது. "நீ புதுக்கோட்டையா?" என்று தொடங்கும் பேச்சு எங்கே சென்று முடியும் என்பதை இளைஞர் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். தரவரிசை எண் என்ன, ஒதுக்கீட்டில் வந்தாயா என்ற கேள்வியும் வரும். ஒதுக்கீடு சட்டம் தந்த உரிமை. அதற்குத் தலைகுனிய வேண்டியதில்லை என்பதைப் புறப்படுமுன்பே பிள்ளை வீட்டில் கேட்டிருக்க வேண்டும். கேட்டவரிடமெல்லாம் தன் சாதியைச் சொல்லியே ஆக வேண்டும் என்றும் நான் கூறவில்லை. சொல்வதும் சொல்லாது விடுவதும் அவரவர் விருப்பமாக இருக்கலாம். அச்சத்தின் ஆணையாக இருத்தல் கூடாது.

2016 ஜனவரி 17ஆம் நாள் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா உயிர் துறந்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட தலித் மாணவர் ஐவருள் அவர் ஒருவர். அவருடைய உதவித் தொகையும் பல மாதங்களாக நின்றுபோயிருந்தது. அறையும் பணமும் என்று மேலே நாம் கண்ட இரண்டும் ஒருங்கே பறிபோன நிலை அது. பகடிவதையைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதிகள் வகுத்தது. சாதிப் பாகுபாட்டைத் தடுக்க 2012இல் தனி விதிகளும் வந்தன. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கான பிரிவு ஒன்று இயங்குகிறது. அது எந்தக் கட்டடத்தில் உள்ளது, அதன் பொறுப்பாளர் யார் என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நேரில் சென்று அறிந்துகொள்ள வேண்டும். துன்பம் வந்த பின் முகவரி தேடுவது கடினம். அதே பல்கலைக்கழகத்தில் முன்னரே பயிலும் நம் மாவட்டத்து மாணவர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் சங்கம் தேடித் தருதல் நன்று. சீனிவாசனார்க்குக் கோயம்புத்தூரில் அப்படி ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

புறப்பாட்டுக்கு முந்தைய மாதத்தில் கவனிக்க வேண்டியவை சிலவே. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் படிகளை வீட்டில் ஒன்றும் சங்கத்தில் ஒன்றுமாக வைத்துவிட்டே அசலைக் கையில் கொடுத்தனுப்புக. வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே இருக்க வேண்டும். அதனை இயக்கவும் அவர் பழகியிருக்க வேண்டும். தமிழ் வழியில் பயின்ற பிள்ளை முதற்பருவத்தில் ஆங்கில விரிவுரை புரியாமல் திகைப்பது இயல்பு. அது மூன்று நான்கு மாதங்களில் தெளியும் என்பதை முன்னரே அறிவித்தால் பாதி அச்சம் நீங்கும். தன் துணியைத் துவைக்கவும், கஞ்சி காய்ச்சவும், காய்ச்சலுக்கு மருத்துவமனை செல்லவும் ஆண் பிள்ளைக்கும் கற்பிக்க வேண்டும். நம் வீடுகளில் இதைப் பெண்ணுக்கு மட்டுமே கற்பிக்கிறோம்.

முதல் தீபாவளிக்கு ஊர் வரும் பிள்ளையே எல்லாரினும் கவனிக்கத்தக்கது. வந்தவருள் சிலர் விடுமுறை முடிந்தும் திரும்பிச் செல்வதில்லை. உடம்பு சரியில்லை என்பார்கள், பாடம் பிடிக்கவில்லை என்பார்கள். அந்நாட்களில் சங்கத்தின் மூத்தோர் ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று, பெற்றோர் இல்லாத நேரத்தில் அப்பிள்ளையோடு அமர்ந்து பேச வேண்டும். திரும்பிப் போகும் பேருந்துச் செலவையும், பிள்ளை முதன்முதல் புறப்படும் நாளிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவது நலம்.