பெயரைப் பிடித்துவைத்து விலை பேசியவர்கள்



உங்கள் பெயரிலோ, உங்கள் கடையின் பெயரிலோ ஒரு இணையதளம் தொடங்கப் போகிறீர்கள். அந்தப் பெயரை வேறொருவர் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டு, "இவ்வளவு கொடுத்தால் தருகிறேன்" என்கிறார். சினிமா டிக்கெட்டை பிளாக்கில் விற்பது போன்ற இந்த வியாபாரத்துக்கு ஏறக்குறைய 30 வயதாகிறது.

1995 செப்டம்பர் வரை டாட்காம் பெயர்ப் பதிவு இலவசம். பிறகு 2 ஆண்டுக்கு 100 டாலர் கட்டணம் வந்தது. முந்தி வந்தவருக்குப் பெயர். அது யாருடையது என்று பதிவு செய்பவர்கள் விசாரிப்பதில்லை.

ஆங்கிலப் படங்களில் பனாவிஷன் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கேமரா நிறுவனம் 1995 டிசம்பரில் தன் பெயரைப் பதியப் போனபோது, டென்னிஸ் டோப்பன் என்பவர் முந்தியிருந்தார். தளத்தில் அவர் போட்டிருந்தது பானா என்ற ஊரின் புகைப்படங்கள். விட்டுக்கொடுக்க அவர் கேட்டது 13,000 டாலர். நிறுவனம் மறுத்ததும், அவர்களுடைய பனாஃபிளெக்ஸ் என்ற பெயரையும் பதிந்துகொண்டார். லுஃப்தான்சா உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் அவர் வசம் இருந்தன. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பனாவிஷன் பக்கமே தீர்ப்பளித்தது.

1999-இல் அமெரிக்கா இதற்கென்றே சட்டம் இயற்றியது. அதே ஆண்டு, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு நீதிமன்றம் போகாமல் தீர்க்க ஒரு நடைமுறை வகுத்தது. அதில் முதலில் தீர்ப்பானது உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் வழக்கு. பெயரைப் பதிந்த மூன்றாம் நாளே ஒருவர் அதை அவர்களிடமே 1,000 டாலருக்கு விலை பேசியிருந்தார். 2000 ஜனவரியில் பெயர் உரியவருக்குப் போனது. நம் உச்ச நீதிமன்றமும் 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், வணிக முத்திரைக்குள்ள பாதுகாப்பு இணையப் பெயருக்கும் உண்டு என்றது.

அதற்காகப் பெயரை வாங்கி விற்பதெல்லாம் குற்றம் என்று எண்ண வேண்டாம். பிசினஸ்.காம் என்ற பெயர் 1997-இல் 1,50,000 டாலருக்கு வாங்கப்பட்டு, 1999-இல் 75 லட்சம் டாலருக்கு விற்றது. பொதுச் சொல் யாருக்கும் சொந்தமில்லை. அடுத்தவர் சம்பாதித்த நற்பெயரைக் கெட்ட எண்ணத்தோடு பிடித்துவைப்பதுதான் தவறு.

இனி நம் விஷயம். ஐகான் நடைமுறையில் ஜெயிக்க, பெயரில் தனக்கு வணிக முத்திரை உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும். பனாவிஷனுக்கு அது சுலபம். நம்மைப் போன்ற சங்கங்களுக்குக் கஷ்டம். ஒரு பெயருக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பில் புகார் கொடுக்கவே 1,500 டாலர் கட்டணம். டாட்காம் பெயரைப் புதுப்பிக்கத் தவறினால், கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பின் 5 நாள் கழித்து அது யாருக்கும் கிடைக்கும்.

ஆகவே இரண்டு விஷயங்களை இன்றே பாருங்கள். பெயர் யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது? தளம் வடிவமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். புதுப்பிக்கும் தேதி என்ன? இன்ஷூரன்ஸ் பிரீமியம் தேதியைக் குறிப்பது போல நாட்காட்டியில் குறித்துவையுங்கள். சங்கத்தின் தளத்துக்கும் இதே கேள்விகளை அடுத்த பொதுக்குழுவில் கேளுங்கள்.