பிள்ளைகளைத் தேடிப் போன பள்ளி

1945-ஆம் ஆண்டு. பம்பாய்க்கு வடக்கே, கடலோரக் கிராமமான போர்டியில் தாராபாய் மோடக் ஒரு குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவோடு சேர்ந்து, மாண்டிசோரி முறையை நம் மண்ணுக்கு ஏற்றபடி வளைத்தெடுத்தவர். பட்டணத்துப் பெற்றோர் கொண்டாடிய அந்த முறையை ஏழைக் கிராமத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்பது அவருடைய பிடிவாதம். துணைக்கு அனுதாய் வாக் வந்து சேர்ந்தார். பதின்மூன்று வயதில் மணமாகி, ஆறே மாதத்தில் கணவனை இழந்து, பிறகு படித்து ஆசிரியையானவர். இருவரும் காத்திருந்தார்கள். ஆனால் யாருக்காகப் பள்ளியைத் திறந்தார்களோ, அந்தக் கூலிக்காரக் குடியிருப்புப் பிள்ளைகளைத்தான் காணோம்!

காரணம் ஒன்றும் மர்மமல்ல. பெற்றோர் வேலைக்குப் போய்விட்டால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மூத்த பிள்ளை. வீட்டு வேலையும் அதன் தலையில்தான். பள்ளி மணிக்கும் அந்த வீடுகளின் பொழுதுக்கும் ஒட்டவே இல்லை. வேறொருவராக இருந்தால் ஊரைக் குறை சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பார். தாராபாய் செய்ததோ தலைகீழான காரியம்.

பள்ளியைத் தூக்கிக்கொண்டு குடியிருப்புக்கே போனார். அங்கே வீட்டு முற்றம்தான் வகுப்பறை. முதலில் குளியல், தலைவாரல். பாட்டும் கதையும் அப்புறம். விலை உயர்ந்த மரச் சாமான்களுக்குப் பதில் கிளிஞ்சலும் கூழாங்கல்லும் விதைகளும் இலைகளும். பிள்ளைகளுக்கு எப்போது ஒழிகிறதோ, அதுவே பள்ளி நேரம். முற்றத்துக்கு மராத்தியில் உள்ள சொல்லை வைத்தே இந்த வகுப்புக்கும் பெயர் விழுந்தது. அந்தப் பெயர் பின்னாளில் டில்லி வரைக்கும் போகுமென்று அந்த முற்றத்தில் யார் நினைத்திருப்பார்கள்?

1957-இல் இருவரும் வார்லி பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் குன்றுக்குப் போனார்கள். அங்கே பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விட்டார்கள். சரி, மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு! தம்பி தங்கையைச் சுமந்து வரும் சிறுமிகளுக்காகத் தொட்டில் கூடம், மழலைப் பள்ளி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். குழந்தையின் தேவைகளைத் துண்டு துண்டாகப் பிரிக்க முடியாது என்பதை அந்தக் குன்று புரிந்துகொண்டது. டில்லிக்கு அது புரிய இன்னும் நாளாயிற்று.

அங்கே சத்துணவுக்கு ஒரு திட்டம், தடுப்பூசிக்கு ஒரு துறை, மழலைப் படிப்புக்கு வேறொரு கை. சோறு போட்ட திட்டத்துக்கு வயிற்றுப்போக்கு தன் வேலையல்ல. ஊசி போட்ட துறைக்குப் பசி தன் வேலையல்ல. நடுவில் குழந்தை இளைத்துக்கொண்டே போயிற்று. திட்டக்குழு 1972-இல் பல அமைச்சகத்தாரையும் ஒன்றாகக் களத்துக்கு அனுப்பியது. எல்லாச் சேவையும் ஒரே இடத்தில், ஒரே பிள்ளைக்குச் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்பதே அதிலிருந்து உருவான யோசனை. சொல்ல எளிது. இரண்டு துறைகள் ஒரே பதிவேட்டில் கையெழுத்திடுவது லேசுப்பட்ட காரியமா? அதோடு, ஊர் ஊராக அந்த 'ஒரே இடம்' எது?

விடை, முற்றத்தில் கிடந்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் சோதனையாக ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. ஊட்டச்சத்தும் மழலைக் கல்வியும் தாய்மாருக்கான ஆலோசனையும் சமூக நலத்துறைப் பக்கம். தடுப்பூசியும் உடல் பரிசோதனையும் மேல் சிகிச்சைக்கு அனுப்புவதும் சுகாதாரத்துறைப் பக்கம். எல்லாம் சந்திக்கும் இடத்தை நடத்த அந்தந்த ஊர்ப் பெண்ணையே நியமித்தார்கள். மதிப்பூதியம் மட்டுமே தந்தார்கள். அந்தக் கஞ்சத்தனத்தின் வழக்குகள் பின்னால் நெடுங்காலம் நடந்தன. அந்த இடத்துக்கு வைத்த பெயர்தான் 'அங்கன்வாடி'. 'அங்கன்' என்றால் முற்றம். அதைக் கேட்க தாராபாய் இல்லை, 1973-இலேயே காலமாகிவிட்டார்.

33 வட்டாரங்களில் நின்றுபோயிருக்க வேண்டிய சோதனை மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது. உச்ச நீதிமன்றம் 2001-இலும் 2006-இலும் தந்த உத்தரவுகள் அதை விரட்டி விரட்டி வளர்த்தன. இன்று ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள்.

தமிழ்நாட்டில் மட்டும் ஒரு வேடிக்கை. பெயர்ப்பலகை 'அங்கன்வாடி' என்றாலும் ஊர் வாயில் அது 'பால்வாடி'தான். பால் ஊற்றுகிற இடம் என்றே பலர் நினைத்தார்கள். 'பால்' என்பது மராத்தியில் குழந்தையைக் குறிக்கும் சொல். பால்வாடி, போர்டியில் அந்தப் பிள்ளைகள் வராமல் போன பள்ளியின் பெயர்.